பாலம் வரும் வரை படகு ஓட வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில், ஏரியூர் பக்கம், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து இதை எழுதுகிறேன். எங்கள் படகுத் துறையில் ஓடும் படகு மறுபடியும் பழுதாகிக் கரையில் கிடக்கிறது. எஞ்சினைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால், உதிரி பாகம் கிடைத்தால் வரும் என்கிறார்கள். உதிரி பாகம் எப்போது கிடைக்கும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. இந்த ஆண்டில் இப்படி நடப்பது இது முதல் முறையும் அன்று.

துறையின் பெயரை நான் எழுதவில்லை. படகை ஓட்டும் அண்ணன் எங்கள் ஊர்க்காரர். எஞ்சின் நடுநீரில் நின்றபோதெல்லாம் கையில் கழியோடு எங்களைக் கரை சேர்த்தவர். அவருடைய பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. மேலும், இது ஒரு துறையின் குறை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. இந்த நீர்த்தேக்கத்தில் தருமபுரிக் கரையையும் சேலம் கரையையும் இணைக்கும் படகுத் துறைகள் ஒட்டனூர்–கோட்டையூர், நாகமரை–பண்ணவாடி என்று பல உள்ளன. படகை நம்பி வாழ்கிறவர்களின் பாடு எங்கேயும் ஒன்றுதான்.

நான் தையல்காரி. பிறந்தது அக்கரையில், கொளத்தூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டது இக்கரையில். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அக்கரைப் பெண்கள். ஒரு மூட்டை துணியோடு காலையில் படகேறினால், அளவெடுத்து, தைத்ததைக் கொடுத்து, புதுத் துணி வாங்கிக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டின் ரவிக்கைகள் அத்தனையும் தைத்து, கொக்கி வைத்து, மடித்து வைத்திருந்தேன். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். படகு நின்றுவிட்டது. பெண்ணின் சித்தப்பா மோட்டார் சைக்கிளில் மேட்டூர் சுற்றி வந்து, இரவு பத்து மணிக்குமேல் வாங்கிக்கொண்டு போனார். அந்த வீட்டார் என்னைக் கோபிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து எனக்குத் துணி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நம்பி ஒரு வேலை கொடுத்தால் நாளைக்கு வந்து சேர வேண்டாமா?

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் பெற்ற மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., உச்ச நீர்மட்டம் 120 அடி. அணையின் சுவர் நிற்பது மேட்டூரில்தான் என்றாலும், அது தேக்கும் தண்ணீர் வடக்கே ஒகேனக்கல் பக்கம் வரை எங்கள் நிலத்தில்தான் நிற்கிறது. ஆற்றங்கரையில் இருந்த ஊர்கள் மூழ்கின. தண்ணீர் வற்றும் காலத்தில் பண்ணவாடியில் பழைய கோவிலின் நந்தியும், தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் படம் பிடித்துத் தாங்களும் வெளியிட்டிருக்கிறீர்கள். மூழ்கிய ஊர்களின் மக்களில் சிலர் இந்தப் பக்க மேட்டிலும் சிலர் அந்தப் பக்க மேட்டிலும் ஏறிக் குடியமர்ந்தார்கள். அதனால்தான் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் பங்காளிகள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்று வரை தண்ணீரைத் தாண்டித்தான் நடக்கின்றன.

1965 அக்டோபர் 2 வரை இரண்டு கரையும் சேலம் மாவட்டமாகவே இருந்தன. தருமபுரி தனி மாவட்டமான பிறகு எங்களுக்கு நடுவில் இருக்கும் தண்ணீர் மாவட்ட எல்லையாகிவிட்டது. படகு கெட்டால் எந்தக் கரை அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பதே ஒரு பெரிய கேள்வி. இக்கரையில் கொடுத்தால் துறை அக்கரைக்கு உட்பட்டது என்கிறார்கள். அக்கரையில் கொடுத்தால் படகு இக்கரையைச் சேர்ந்தது என்கிறார்கள். இரண்டு இடத்திலும் முத்திரை குத்திய ரசீது மட்டும் கிடைக்கிறது.

படகில் யார் போகிறார்கள் என்று ஒரு நாள் காலை துறையில் வந்து நின்று பார்த்தால் தெரியும். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், அக்கரையில் படிக்கும் பிள்ளைகள், கூடையில் கட்லா, ரோகு, ஜிலேபி மீன்களோடு பெண்கள், சந்தைக்கு ஆடு கொண்டு போகிறவர்கள், நிலக்கடலை மூட்டை, மரவள்ளிக் குச்சிக் கட்டு, இவற்றுக்கு நடுவே ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள். சிவராத்திரியும் அமாவாசையும் வந்தால் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பக்தர்கள் சேர்ந்துகொள்வார்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கோட்டையூரில் இறங்கி, கர்நாடக எல்லையிலுள்ள பாலாறு வழியாக மலைக்குப் போவது பழைய வழக்கம். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தார்ச்சாலை எப்படியோ எங்களுக்கு இந்தப் படகு அப்படி. சாலையில் ஒரு மரம் விழுந்தால் அன்றைக்கே அறுத்து எடுக்கிறார்கள். படகு நின்றால் மட்டும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

படகு மூன்று காரணங்களால் நிற்கும். கர்நாடகத்தில் மழை கொட்டி, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் நிர்வாகமே படகை நிறுத்தும். அந்தத் தடையை நாங்கள் ஒருபோதும் எதிர்த்ததில்லை. வெள்ளத்தில் பரிசல் விடுவது எத்தகைய துணிச்சல் என்பது காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது, தண்ணீர் வற்றுவது. 2023இல் அணையின் நீர்மட்டம் நாற்பது அடிக்கும் கீழே போனது. துறை எங்கேயோ பள்ளத்துக்குப் போய்விட்டது. வெடித்த வண்டலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அதையும் பொறுத்துக்கொண்டோம். மழை பெய்யாததற்கு யாரிடம் மனு கொடுப்பது? மூன்றாவது காரணம் பழுது. இது மனிதர்களால் வருவது, மனிதர்களால் தடுக்கக்கூடியது. என் கடிதம் இதைப் பற்றி மட்டும்தான்.

பழுது ஏன் இத்தனை முறை வருகிறது என்று படகுக்கார அண்ணனிடமும் எஞ்சின் பார்க்க வரும் மெக்கானிக்கிடமும் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் சொன்னதை எழுதுகிறேன். தண்ணீருக்கு அடியில் பழைய ஊர்களின் சுவர்களும் மரக்கட்டைகளும் இன்னமும் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கும்போது எந்த இடத்தில் எது தட்டும் என்று தெரியாது. எஞ்சின் விசிறியின் இலை வளைந்தால் தண்டு ஆடத் தொடங்கும். தண்டு ஆடினால் அது படகுக்குள் நுழையும் இடத்தில் நீர் கசியும். கசிவை வாளியால் இறைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். ஆகாயத்தாமரையும் அறுந்த நைலான் வலையும் விசிறியில் சுற்றிக்கொள்வது தனித் தொல்லை. எஞ்சினைக் குளிர்விக்க இழுக்கும் தண்ணீரோடு வண்டலும் சேர்ந்து வந்து குழாயை அடைக்கும். எஞ்சின் சூடேறி நின்றுபோகும். ஏரியூரில் கேனில் வாங்கி வரும் டீசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தாலும் போதும், அக்கரை போய்ச் சேராது.

2024 ஜூலையில் நடந்ததையும் அவர்கள் நினைவுபடுத்தினார்கள். அந்த ஒரே மாதத்தில் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறி, மாதம் முடியும்போது அணை 120 அடியைத் தொட்டது. டெல்டா மாவட்டங்களில் அது பண்டிகை போன்ற செய்தி. எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வெயிலில் காய்ந்து கிடந்த படகை, அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கக் கூட நேரமில்லாமல் தண்ணீரில் தள்ளினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி வெள்ளத்துக்கு முன்னால், ஒரு தகுதியான ஆள் வந்து படகின் அடியையும் எஞ்சினையும் பார்த்துச் சான்று கொடுத்தால் இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் நாடாளுமன்றம் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் கொண்டுவந்தது. எஞ்சின் வைத்த படகு என்றால் பதிவு வேண்டும், ஆய்வுச் சான்று வேண்டும், காப்பீடு வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். இந்தச் சட்டம் எங்கள் துறைக்கு எப்போது வந்து சேரும் என்பதே நான் கேட்பது.

படகு நின்றால் மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. மீன்பிடிப் பரிசலைக் கெஞ்சிக் கேட்டு ஏறுகிறார்கள். இதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம். வலையும் நாலு கூடை மீனும் ஏற்றுகிற அளவுள்ள பரிசலில், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எட்டுப் பேர், பத்துப் பேர் ஏறுகிறார்கள். பள்ளிப் பை மாட்டிய பிள்ளைகள் ஏறுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் என்ற பேச்சே கிடையாது. ஆடி மாதத்தில் பகல் ஏற ஏறக் காற்று கிளம்பினால், நீர்த்தேக்கத்தின் நடுவில் அலை கடல்போல் எழும். கரையில் நிற்கும் எங்களுக்கு அந்தப் பரிசல் அலைக்குள் மறைந்து மறைந்து தெரியும்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகை என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டி, அதிலும் 22 பேர். ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகுதான் எத்தனை பேர் ஏறினார்கள், உரிமம் இருந்ததா, மிதவை அங்கி இருந்ததா என்ற கேள்விகள் எழுந்தன. எங்கள் நீர்த்தேக்கத்தில் அந்தக் கேள்விகளை இப்போதே கேளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரு படகின் பழுது, இன்னொரு படகின் விபத்துக்கு வழி திறந்துவிடுகிறது. அதிகாரிகள் இந்த இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள்.

பரிசலில் ஏற அஞ்சுபவர்களுக்குச் சாலை இருக்கிறது. ஏரியூரிலிருந்து பெரும்பாலை, மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் என்று சுற்ற வேண்டும். அறுபது கிலோமீட்டர் போல வரும். எதிர்க்கரையில் துவைக்கும் துணியின் நிறம் கூடத் தெரிகிற தூரத்துக்கு இத்தனை சுற்று. பஸ் மாறி மாறி ஏற வேண்டும். 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. அது எங்களுக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அது சாதாரண நகரப் பஸ்ஸில்தான். இவ்வளவு தூரத்துக்கு எல்லா இடத்திலும் அந்தப் பஸ் அமைவதில்லை. போகவும் வரவும் ஆகும் செலவு ஒரு ரவிக்கைக் கூலியை விழுங்கிவிடும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய வேலையே போய்விடும்.

என் அம்மா அக்கரையில் தம்பியோடு இருக்கிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தம்பி போன் செய்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே துறைக்கு ஓடினேன். படகின் மேல் பலகையைத் திறந்து வைத்து, அண்ணன் முழங்கை வரை கரியோடு எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "பஸ்ஸுக்குப் போம்மா, இது இன்றைக்கு ஆகாது" என்றார். நான் மேட்டூர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாவுக்கட்டு போடுவதா அறுவை செய்வதா என்ற பேச்செல்லாம் முடிந்திருந்தது. தம்பி தனியாக நின்று எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தான். இன்று அம்மா கோலூன்றி நடக்கிறார். எங்களுக்கு அந்த அளவில் முடிந்தது. மாரடைப்பு என்றால், பிரசவம் என்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துப் பார்க்கிறார்கள். 108 வண்டி துறை வரைதான் வரும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டத்தின் வண்டி நிற்க வேண்டும். நடுவில் படகு வேண்டும்.

நாகாவதி அணைப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஓர் அக்கா என்னிடம் துணி தைக்கக் கொடுப்பார். அவருடைய தாய்வழி உறவினர்கள் நெடுந்தீவில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் தீவு. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும் என்றார். அங்கே குமுதினி என்ற படகு பல பத்தாண்டுகளாகப் பேர் பெற்றது. 1985 மே 15 அன்று அதில் பயணம் செய்த அப்பாவி மக்கள் கொல்லப்பட்டதைத் தமிழர்கள் மறக்கவில்லை. அந்தக் குமுதினியும், பிறகு வந்த வடதாரகையும் பழுதுபார்க்கப் போய்விட்டால் தீவில் என்ன நடக்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் வந்து சேர மாட்டார்கள். கடைக்குச் சரக்கு வராது. நோயாளியைக் கொண்டு போகக் கடற்படைப் படகைக் கேட்டு நிற்க வேண்டும். தனியார் படகில் நெருக்கியடித்து ஏற வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு வியப்பாக இருந்தது. கடல் வேறு, நாடு வேறு. சொன்னது அத்தனையும் எங்கள் கதை. நாங்கள் தீவில் இல்லை என்று அரசாங்க வரைபடம் சொல்லலாம். முன்னால் தண்ணீரும் பின்னால் காடும் குன்றும் இருக்கும் ஊரில், பள்ளியும் பிழைப்பும் உறவும் அக்கரையில் இருக்கும்போது, படகு நிற்கிற நாளில் நாங்களும் தீவுக்காரர்கள்தான்.

ஒரு விஷயத்தில் அந்தத் தீவு மக்கள் எங்களைவிட மேல் என்று எனக்குத் தோன்றியது. அவர்களுடைய படகுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது பழுதானால் அந்தப் பெயரோடு செய்தி வருகிறது. நாலு பேர் கேட்கிறார்கள். எங்கள் படகுக்குப் பெயரும் இல்லை, அது நின்றால் செய்தியும் இல்லை.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றைப் பேசுகிறேன். ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே பாலம் கட்ட வேண்டும் என்பது எங்கள் பெரியவர்கள் காலத்துக் கோரிக்கை. தேர்தல்தோறும் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்; அறிவிப்புகளும் வந்திருக்கின்றன. பாலம் வந்தால் முதலில் தேங்காய் உடைப்பவள் நானாக இருப்பேன். ஆனால் பாலத்தைப் பற்றிப் பேச்சு எழுந்த நாளிலிருந்து படகைப் பற்றிப் பேசினால் ஒரே பதில்தான் வருகிறது: "அதுதான் பாலம் வரப் போகிறதே, இனி எதற்குப் படகுக்குச் செலவு?" இந்தப் பதிலை அலுவலகத்திலும் கேட்டேன், டீக்கடையிலும் கேட்டேன், எங்கள் ஊர்க் கூட்டத்திலும் கேட்டேன். இத்தனை அகலமான நீர்ப்பரப்பில் ஆழத்தில் தூண் இறக்கிக் கட்டும் பாலம் ஒரே நாளில் முளைக்காது. மண் பார்க்க வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், ஒப்பந்தம் விட வேண்டும், தண்ணீர் ஏறும்போது வேலையை நிறுத்த வேண்டும். அதுவரை பள்ளிப் பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து மேல் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருப்பாள். வரப் போகிற பாலத்தைக் காட்டி, இருக்கிற படகைக் கைவிடுவது எங்களை இரண்டு பக்கமும் ஏமாற்றுவதாகும். மேலும், ஓர் இடத்தில் பாலம் வந்தாலும் மற்றத் துறைகளுக்குப் படகு வேண்டியே இருக்கும். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சற்று யோசிக்கிறார்கள். அதற்குமேல் நகர்வதில்லை.

பணம் எங்கே சிக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைகளை ஏலம் விடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். 1890ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுப் படகுத் துறைகள் சட்டம் என்று அதற்கென்றே ஒரு சட்டம் சென்னை மாகாண காலத்தில் வந்தது. எங்கள் துறையும் ஏலத்தில்தான் ஓடுகிறது. அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை. கட்டிய தொகையை அந்த ஒரே ஆண்டுக்குள் எடுத்தாக வேண்டும்; அடுத்த ஆண்டு துறை தனக்கா வேறொருவருக்கா என்பது குத்தகைதாரருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் புது எஞ்சின் வாங்குவாரா? பழைய எஞ்சினைக் கம்பி கட்டி ஓட்டுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஏலத் தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. அதில் ஒரு பங்கையாவது படகுக்குத் திருப்பிச் செலவிட வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை.

விதியை மாற்றலாம். குத்தகையை மூன்று ஆண்டுக்குக் கொடுங்கள். எஞ்சினில் முதல் போடுகிறவருக்கு அதை எடுக்க நேரம் கிடைக்கும். படகு பழுதாகி நின்றால் இத்தனை நாளுக்குள் மாற்றுப் படகு விட வேண்டும், தவறினால் வைப்புத் தொகையில் பிடிப்போம் என்று நிபந்தனை போடுங்கள். அதைவிட நல்லது, படகும் ஒரு மாற்று எஞ்சினும் பொதுச் சொத்தாக இருந்து, ஓட்டும் வேலையை மட்டும் குத்தகைக்கு விடுவது. நீர்த்தேக்கம் முழுமைக்கும் ஒரே ஒரு மாற்றுப் படகு இருந்தாலே போதும். எந்தத் துறையில் பழுதோ அங்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடலாம். எல்லாத் துறையும் ஒரே தண்ணீரில்தானே இருக்கின்றன! இது பாலத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து, படகுத் துறைகளுக்கென்று ஒரே ஓர் அலுவலரைப் பொறுப்பாக்க வேண்டும். அவருடைய தொலைபேசி எண்ணைத் துறையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். படகு நிற்கும் நாட்களில் ஏரியூரிலிருந்து மேட்டூருக்குக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் கூடுதல் பஸ் விட வேண்டும். அதில் மகளிர்க்கும் மாணவர்க்கும் கட்டணம் கேட்கக் கூடாது. மீன்பிடிப் பரிசலில் ஆள் ஏற்றாதே என்று தடை மட்டும் போடுவதில் பயனில்லை. வேறு வழி கொடுத்துவிட்டுத் தடை போட்டால் நாங்களே காவல் நிற்போம்.

இந்த நீர்த்தேக்கம் டெல்டாவில் பதினாறு லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. ஜூன் 12 அன்று மதகு திறக்கும்போது மலர் தூவுகிறார்கள். அந்தத் தண்ணீர் நிற்பதற்காக எங்கள் முன்னோர் நிலத்தையும் வீட்டையும் கோவிலையும் கொடுத்தார்கள். அதற்கு விலையாக எங்களுக்கு நெல் வேண்டாம், மாலை வேண்டாம். அவர்கள் இரண்டு கரையிலும் விட்டுப்போன உறவுகளைப் போய்ப் பார்த்துவர, ஓடும் நிலையில் ஒரு படகு வேண்டும் என்று கேட்பது பெரிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு கோரிக்கை உண்டு. தினமும் மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு, வெளியேற்றம் ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்தில் போடுகிறீர்கள். எங்கள் ஊரில் பத்திரிகை வந்ததும் பெரியவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். தருமபுரி, சேலம் பதிப்புகளில் மட்டுமாவது, அந்தக் கட்டத்தின் கீழே ஒரு வரி சேர்க்க முடியுமா? எந்தெந்தத் துறையில் படகு ஓடுகிறது, எதில் நின்றிருக்கிறது, நின்று எத்தனை நாளாகிறது என்ற ஒரே வரி. காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் துறைக்கு வந்து ஏமாந்து திரும்ப மாட்டார்கள். நாளெண்ணிக்கை ஒவ்வொரு நாளும் அச்சில் ஏறிக்கொண்டே போனால் பொறுப்பில் இருப்பவர்களும் பார்ப்பார்கள். தகவல் திரட்டுவது தங்களுக்குச் சிரமமாக இருக்காது. எங்கள் மகளிர் குழுவில் பேசிவிட்டேன். அக்கரைப் பெண்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். துறைக்கு ஒருவராக, தினமும் மாலை ஐந்து மணிக்குள் தங்கள் பகுதிச் செய்தியாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு தையல் தொழிலாளி,
ஏரியூர் வட்டாரம், பென்னாகரம் தாலுகா,
தருமபுரி மாவட்டம்.